கெல்லாஸ் தோட்டத்து மாளிகை

கோட்டை என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது மலாக்காக் கோட்டைதான். 1511ஆம் ஆண்டில் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் அதைக் கட்டினார்கள். 1807இல் ஆங்கிலேயர் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். ஒரே ஒரு வாசல் தப்பிப் பிழைத்து இன்றும் நிற்கிறது. நம் பேராக் மாநிலத்திலும் பங்கோர் தீவில் ஒரு கோட்டை உண்டு. ஈய வாணிபத்தைக் காத்துக்கொள்ள டச்சுக்காரர்கள் 1670இல் எழுப்பியது. இங்கிலாந்திலோ இப்படி இடிந்த கோட்டைகள் ஏராளம். கோர்ஃப் என்ற ஊரில் குன்றின் மேல் இருந்த பழங்கோட்டையை, உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1646ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தார் உத்தரவிட்டு உடைத்தார்கள். சாய்ந்த சுவர்கள் அப்படியே கிடக்க, மக்கள் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

இவையெல்லாம் சண்டைக்காகக் கட்டியவை. சண்டையாலோ பகையாலோ அழிந்தவை. இன்று நாம் பேசப்போகும் கோட்டையில் ஒரு துப்பாக்கி கூட வெடித்ததில்லை. எதிரி யாரும் அதை முற்றுகையிடவில்லை. கட்டி முடிப்பதற்கு முன்பே அது பாழடைந்துவிட்டது. பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே, சாலையோரத்தில், சிற்றாறு ஒன்றுக்கு அப்பால் நிற்கும் கெல்லி கோட்டைதான் அது. கோட்டை என்று பெயரே தவிர, உண்மையில் அது ஒரு தோட்டத் துரை தமக்கும் தம் குடும்பத்துக்கும் கட்டத் தொடங்கிய மாளிகை.

தெலுக் இந்தான் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளில் பலர் ஈப்போவுக்குப் போகும்போது அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். பேய் நடமாடும் வீடு என்றுதான் பெரும்பாலும் கேள்விப்பட்டிருப்பார்கள்! ஆகவே ஒரு பள்ளி விடுமுறையில், பிள்ளைகளையும் பெற்றோர் சிலரையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு நாங்கள் புறப்பட்டோம். லங்காப் வழியாகக் கம்பார், அங்கிருந்து கோப்பெங், பிறகு பத்து காஜா சாலை. வழி நெடுகிலும் செம்பனை. ஒரு காலத்தில் பால் மரங்கள் நிரை நிரையாக நின்ற நிலங்களில் பலவும் இன்று செம்பனையாகிவிட்டன என்பதை நம் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேருந்தில் வந்த தாத்தா ஒருவர், எந்த வளைவுக்குப் பின்னால் எந்த டிவிசன் இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதுவும் ஒரு வரலாற்றுப் பாடம்தான். ஆனால் அது தனிப் பேச்சுக்கு உரியது.

அந்த மாளிகையின் சொந்தக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித். நம்மவர் வழக்கத்தில் எல்லா வெள்ளைக்காரரும் இங்கிலீஷ் துரைதான். இவரோ ஸ்காட்லாந்துக்காரர். 1870இல் பிறந்தவர். வடக்கு ஸ்காட்லாந்தில் மோரே வட்டாரத்தில் உள்ள கெல்லாஸ் என்ற சிற்றூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். இருபது வயதில், 1890இல் மலாயாவுக்கு வந்தார். வரும்போது அவர் துரையல்லர். வேலை தேடி வந்த இளைஞர். சார்லஸ் அல்மா பேக்கர் என்ற நில அளவையாளரிடம் சேர்ந்து, பேராக்கில் காடு திறக்கும் பணியில் ஈடுபட்டார். கையில் பணம் சேர்ந்ததும் கிந்தா பகுதியில் 1,000 ஏக்கர் காட்டை வாங்கினார். அதை அழித்து ரப்பர் நட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார்.

காலமும் அவருக்குக் கை கொடுத்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பிறகு சைக்கிளும் மோட்டார் காரும் பெருகப் பெருக ரப்பருக்குத் தேவை ஏறியது. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. கிந்தாப் பள்ளத்தாக்கோ உலகத்திலேயே வளம் மிக்க ஈய நிலங்களில் ஒன்று. மேலே பால், கீழே ஈயம். அப்படிப்பட்ட மண்ணில் 1,000 ஏக்கர் வைத்திருந்தவர் செல்வந்தரானதில் வியப்பென்ன?

தம் தோட்டத்துக்கு அவர் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். இந்தப் பெயரைச் சற்றே கவனிக்க வேண்டுகிறோம். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் தம் சிற்றூரின் பெயரைக் கொண்டு வந்து பேராக் வரைபடத்தில் எழுதிவிட்டார். தாம் எங்கிருந்து வந்தோம் என்பதை அவர் மறக்கவில்லை. பிறரும் மறக்கவொட்டாமல் செய்துவிட்டார். அவருடைய பெயரில் உள்ள ‘கெல்லி’ என்பதும் தாய்வழிக் குடும்பப் பெயர்தான்.

1903இல் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு ஹெலன் என்ற மகள் பிறந்தாள். முதலில் ஒரு பெரிய வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். அதன் இடிபாடுகள் இன்றைய மாளிகையை ஒட்டியே இருக்கின்றன. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1915இல், அந்தோனி என்ற மகன் பிறந்தான். அதே ஆண்டில்தான் இந்தப் பெரிய மாளிகைக்கு வேலை தொடங்கியது. ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

மாளிகைக்கு அவர் போட்ட திட்டம் சாதாரணமானதல்ல. 14 அறைகள், ஆறு மாடி உயரமுள்ள ஒரு கோபுரம், அந்தக் கோபுரத்தில் மின்தூக்கி. அது அமைந்திருந்தால் மலாயாவிலேயே முதல் மின்தூக்கி அதுவாக இருந்திருக்கும் என்கிறார்கள். நிலவறையில் மது வைக்க ஓர் இடம், உள்ளேயே டென்னிஸ் ஆடுமிடம், மொட்டை மாடியில் விருந்து வைக்க வசதி. கட்டடப் பாணியில் ஸ்காட்லாந்து பாதி, நம் நாட்டு அரண்மனைச் சாயல் பாதி. வரிசை வரிசையான வளைவுகளைப் பார்த்தால், சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அது நினைவுக்கு வரும்.

அந்தச் சாயல் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்காகத்தான் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றோம். மாளிகையைக் கட்டுவதற்குச் சென்னை மாகாணத்திலிருந்து 70 கைவினைஞர்களைத் துரை வரவழைத்தார். செங்கல்லும் சலவைக்கல்லும் கூட இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. வெளியே பூச்சுப் பூசிய பக்கத்தை எல்லாரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் பிள்ளைகளைப் பூச்சுப் பூசாத பக்கத்துக்கு அழைத்துச் சென்றோம். ஏனெனில், முடிந்த சுவர் தன்னைக் கட்டியவனை மறைத்துவிடும்; முடியாத சுவர்தான் அவனைக் காட்டிக்கொடுக்கும். சிவந்த செங்கற்கள் ஒன்றின் தலைமேல் இன்னொன்றின் இணைப்பு வராதபடி மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. வளைவைப் பாருங்கள்: முதலில் மரத்தால் அரைவட்டச் சாரம் கட்டி, அதன்மேல் இரு புறமிருந்தும் கல்லை ஏற்றிக்கொண்டே போய், நடு உச்சியில் இறுதிக் கல்லைச் செருகி இறுக்க வேண்டும். அதன் பிறகு சாரத்தை உருவினால் ஒரு கல்லை மற்றொரு கல் தாங்கிக்கொள்ளும். தூக்குக்குண்டு, மட்டப்பலகை, கரணை ஆகிய இவைதாம் கருவிகள். மீதியெல்லாம் கண்ணும் கையும். நூறாண்டுக்கு மேல் நம் ஊர் மழை அடித்தும், கூரை போடாத இடங்களில் கூட வளைவு இறங்கவில்லை.

பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பேயைப் பற்றிக் கேட்டவர்கள் குறைந்து, கல்லைப் பற்றிக் கேட்டவர்கள் கூடினார்கள். எங்களுக்கு அதிலே ஒரு மகிழ்ச்சி!

படுக்கையறை, துணி வைக்கும் அறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, எங்களோடு வந்த பாட்டி ஒருவர், முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர், நின்றுவிட்டார். “ஏன் வாத்தியாரே, ஒரு துரை படுக்க இத்தனை அறை. கட்டினவுக எல்லாம் எங்கே படுத்தாக?” என்று கேட்டார்.

எங்கள் பேச்சிலேயே மிகச் சிறந்த வரலாற்றுக் கேள்வி அதுதான். அவர்கள் லயத்தில்தான் படுத்திருப்பார்கள். ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை, பின்னால் ஓர் அடுப்படி. பலகைச் சுவர், அத்தாப்பு அல்லது தகரக் கூரை. இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, வாளியில் பால் சுமந்த மக்களுக்கு மலாயா முழுவதும் அதுதான் வீடு. துரைக்கு மாளிகை கட்டப் பணம் வந்தது அந்த வாளியிலிருந்தும் ஈய லம்பத்திலிருந்தும்தான். செங்கல் வீடு பாழடைந்தாலும் இடிபாடாக நிற்கும். பார்க்கக் கட்டணம் கொடுத்து ஆட்கள் வருவார்கள். பலகை வீடு பாழடைந்தால் என்ன நிற்கும்? மக்கள் வெளியேறிய மறு ஆண்டே கறையான் பாதி, லாலான் புல் பாதி. தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1950களிலும் 60களிலும், எத்தனை லயங்கள் அப்படி மறைந்தன என்பதை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துயரத்துக்கு மாற்றுத் தேடித்தான். நம் வரலாறு பெரும்பாலும் பலகையால் ஆனது, நேயர்களே. அதனால்தான் அதற்கு இடிபாடு இல்லை.

ஆனால் ஒன்று நிற்கிறது. மாளிகையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாளிகையைப் பார்ப்பவர்களில் பலர் அங்கே போகாமலேயே திரும்பிவிடுகிறார்கள். நம்மவர்கள் அப்படிச் செய்யலாகாது.

அந்தக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. 1918ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஒரு விஷக் காய்ச்சல் பரவியது. ஸ்பெயின் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். அது ஸ்பெயினில் தோன்றியதல்ல; போரில் சேராத நாடாகையால் அங்குள்ள பத்திரிகைகள் மட்டும் நோயைப் பற்றி மறைக்காமல் எழுதின, பழி அந்த நாட்டின் மேல் விழுந்தது! இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டார்கள். மலாயாவில் தோட்டங்களையே அது கடுமையாகத் தாக்கியது. நெருக்கமான லயம், சத்தில்லாத உணவு, பக்கத்தில் மருத்துவர் இல்லாத நிலை. காய்ச்சலுக்கு இதைவிட என்ன வேண்டும்? கெல்லாஸ் தோட்டத்து வேலையாட்களையும் அது விடவில்லை. அப்போது அவர்கள் துரையிடம் போய், அம்மனுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். துரை இசைந்தார். நன்றிக்கடனாகக் கோயிலின் மேலே, சாமி சிலைகளின் நடுவே, தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரரின் சிலையை அமைத்தார்கள். அது கெல்லி துரைதான் என்று சொல்லிவருகிறார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. மகன் வேண்டும் என்று ஏங்கிய துரை அம்மனை வேண்டிக்கொண்டார், அதன் பயனாக அந்தோனி பிறந்தான், அதற்காகக் கோயில் கட்டினார் என்பது அது. பிள்ளைகளிடம் இரண்டு கதைகளையும் சொல்லி, ஆண்டுகளை வரிசையாக எழுதச் சொன்னோம். மகன் பிறந்தது 1915. காய்ச்சல் வந்தது 1918. காய்ச்சலுக்காகக் கட்டிய கோயில் என்றால் அது மகன் பிறந்த பிறகு எழுந்தது. அப்படியானால் மகனுக்குக் காரணமாக இருக்க முடியாது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைச் சட்டென்று கண்டுபிடித்தாள். மாளிகைக்கும் கோயிலுக்கும் நிலத்தடியில் சுரங்கவழி இருக்கிறது என்றும் ஒரு பேச்சு உண்டு. கதை கேட்பதில் தவறில்லை. கேட்ட பிறகு ஆண்டைக் கேட்க வேண்டும்.

எங்களுக்குக் காய்ச்சல் கதையே பொருத்தமாகப் படுகிறது. நம் கிராமங்களில் அம்மையும் வாந்திபேதியும் வந்தால் மாரியம்மனுக்கு வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றுவது வழக்கம். கடல் கடந்து வந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். ஊரும் உறவும் எட்டாத இடத்தில், பக்கத்து அறையில் இருமல் கேட்டுக்கொண்டிருக்க, அவர்கள் கூலி உயர்வு கேட்கவில்லை, கப்பல் டிக்கெட் கேட்கவில்லை, கோயில் கேட்டார்கள். இதைப் பெருமை என்பதா, வேறு எதையும் கேட்க முடியாத நிலை என்பதா? எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. துரை இசைந்ததைக் குறைத்துச் சொல்லவும் நாங்கள் விரும்பவில்லை. மறுத்த துரைகளும் இருந்திருப்பார்கள் அல்லவா?

மாளிகையின் கதை விரைவில் முடிந்துவிட்டது. போருக்குப் பின், 1920இல் ரப்பர் விலை சரிந்தது. 1922இல் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் திட்டம் வந்தது. பிறகு விலை மெல்ல ஏறியது. மாளிகை வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. 1926இல் துரை ஐரோப்பாவுக்குப் போனார். மின்தூக்கியை வாங்கி வரத்தான் போனார் என்பார்கள். போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். வயது 56. மனைவி மக்கள் மலாயாவுக்குத் திரும்பவில்லை. தோட்டம் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விற்கப்பட்டது. மின்தூக்கிக்கு விட்ட இடம் வெறுங்குழியாக நின்றது. மாளிகையைக் காடு சூழ்ந்தது. பின்னாளில் அதைச் சீர்படுத்திச் சுற்றுலாத் தலமாக்கினார்கள். 1999இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தின் சில காட்சிகளும் அங்கே எடுக்கப்பட்டன.

காட்டுக்குள் மாளிகை மூழ்கிக் கிடந்த அந்த ஆண்டுகளிலும் கோயிலில் விளக்கு எரிந்தது. துரையின் குடும்பம் வீட்டை விட்டுப் போய்விட்டது; நம் மக்கள் அம்மனை விட்டுப் போகவில்லை. நாங்கள் போன அன்றும் வாசலில் கோலம் இருந்தது. பாட்டி சூடம் ஏற்றிவிட்டு, நிமிர்ந்து அந்தத் தொப்பிக்காரரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “சாமி கணக்கா நிக்கிறாரே” என்று மட்டும் சொன்னார்.

துரைக்குச் சிலை வைத்தவர்கள் தங்களுக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த 70 பேரில் ஒருவர் பெயரையும் நாங்கள் மாளிகையில் காணவில்லை, கோயிலிலும் காணவில்லை. நம் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1885இல் அதைக் கட்டியவர் லியோங் சூன் சூங் என்ற சீனர் என்பது எல்லாருக்கும் தெரியும். குத்தகைக்காரர் என்பதால் அவர் பெயர் நின்றது. கல் சுமந்தவர்கள் பெயர் அங்கும் இல்லை. தமிழருக்குப் பெயர் எழுதிவைக்கும் வழக்கம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுந்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களும், யார் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்பதும் கூடச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதே மண்ணிலிருந்து வந்த கொத்தனார்தான் கிந்தாவில் வளைவு கட்டினார். எழுத வைக்க அங்கே ஓர் இராசராசன் இல்லை.

பெயர் எழுதிவைப்பது பெருமைக்கு மட்டுமல்ல. தாத்தா எந்த ஆண்டு வந்தார், பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்பதற்குக் காகிதம் இல்லாமல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சிவப்பு அடையாள அட்டையோடு கண்ணை மூடிய பெரியவர்களும் உண்டு. தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய காகிதம் எதுவானாலும், அது கிழிந்திருந்தாலும், எறிந்துவிடாதீர்கள்.

திரும்பிய மறுவாரம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். நோட்டுப் புத்தகத்தில் நான்கு கோடுகள் போடச் சொன்னோம்: பாட்டனார் அல்லது கொள்ளுப்பாட்டனார் பெயர், செய்த வேலை, முதலில் வந்து சேர்ந்த தோட்டம், அங்கே விட்டுவந்த ஊர். கெல்லி துரை தம் ஊரின் பெயரைத் தோட்டத்துக்கே வைத்தார் அல்லவா, அதனால்தான் நான்காவது கோடு. பெயரைப் பெரும்பாலோர் எழுதிக்கொண்டு வந்தார்கள். தோட்டத்தையும் கேட்டு எழுதிவிட்டார்கள். வேலை என்ற இடத்தில் பால் வெட்டு, காட்டுவேலை, வண்டிக்காரர், ஓரிடத்தில் தச்சு. ஊர் என்ற கோடு பாதிப் புத்தகங்களில் வெறுமையாகவே இருந்தது. அந்தப் பிள்ளைகளை மறுபடியும் வீட்டுப் பெரியவர்களிடம் அனுப்பியிருக்கிறோம்.